கிளினிக்குக்குப் போனால் அரைப்பேரா?

"தவறான முடிவெடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்." இந்த வாசகத்தை நமது பத்திரிகைகள் எப்போதும் தயாராகவே வைத்திருக்கின்றன போலும். தோட்டத்தின் பெயர் மாறும், வயது மாறும், வாசகம் மட்டும் மாறாது. கீழே இன்னொரு வரி வரும். காதல் விவகாரம் எனத் தெரியவருகிறது. பரீட்சைப் பெறுபேறு குறைந்ததே காரணம் என நம்பப்படுகிறது. போன் வாங்கித் தராத கோபம் எனப் பொலிஸார் கூறுகின்றனர். அத்தோடு அந்தப் பிள்ளையின் கணக்கு முடிந்தது, செக்ரோலில் பேர் வெட்டுவதுபோல.

அந்தத் "தவறான" என்ற சொல்லை நாம் ஏற்கவில்லை. அந்தப் பிள்ளை கிழமைக்கணக்கில் தூங்கவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவில்லை, கூட்டாளிகளோடு பேசவில்லை. அது வீட்டுக்குத் தெரிந்திருந்தது, பக்கத்துக் காம்பராவுக்கும் தெரிந்திருந்தது. யாரிடம் கூட்டிப்போவது என்றுதான் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்குப் போக வழியில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தவர்களுக்கு அங்கே தமிழில் பேச ஆளில்லை. இத்தனையையும் மறைத்துவிட்டு, முழுத் தவறையும் இறந்த பிள்ளையின் பேரில் பதிவது எந்த ஊர் நியாயம்? காதலில் தோற்றவர்கள் ஆயிரம் பேர், பரீட்சையில் தவறியவர்கள் பல்லாயிரம் பேர் உயிரோடு நடமாடுகிறார்கள். ஒரு மரணத்துக்கு ஒரேயொரு காரணத்தைக் காட்டி ஒரு வரியில் முடிக்கும் செய்தி, பல காரணங்கள் சேர்ந்து ஏறிய சுமையையும், வைத்தியம் செய்திருக்கக்கூடிய நோயையும் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

இதெல்லாம் தொழிற்சங்கம் பேச வேண்டிய விடயமா என்று சில தோழர்கள் கேட்கலாம். நோயில் விழுவது தொழிலாளியின் பிள்ளை. அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாளில் வெட்டப்படுவது தொழிலாளியின் பேர். போகும் வழியில் முதலில் நிற்பது தோட்டத்து டிஸ்பென்சரி. இதற்கு மேல் தொழிற்சங்க விடயம் என்று எதைச் சொல்வது?

முதலில் எமது மூத்த தோழர்களுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தாலே அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "எழுபதுகளின் பஞ்சத்தை நாங்க தாங்கலையா? கீரையை அவிச்சுத் தின்னுட்டு மலைக்குப் போனோம். அப்ப யாருக்கு வந்திச்சு இந்த மன அழுத்தம்? இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குத் தாங்குற சக்தி இல்ல."

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை இந்த மலைகள் மறக்கவில்லை. அதைத் தாண்டி வந்தவர்கள் மீது எமக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் "தாங்கினோம்" என்று இன்று பேசுபவர்கள் தாங்கியவர்கள் மட்டுமே. தாங்க முடியாமல் போனவர்கள் கூட்டத்துக்கு வந்து கை தூக்கப் போவதில்லை. அன்றும் இந்த நோய் இருந்தது, அதற்கு ஒரு பெயர் மட்டும் இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாருக்குப் போன கோச்சியில் கூடப்பிறந்தவளை ஏற்றிவிட்டு வந்து, அதன் பிறகு இஸ்தோப்பில் பேசாமலேயே உட்கார்ந்திருந்து காலத்தை முடித்த பாட்டி எத்தனை லயங்களில் இருந்தாள்? இரவானால் சாராயப் போத்தலைத் தவிர வேறெதையும் தெரியாத தாத்தா எத்தனை பேர்? அவர்களைக் குடிகாரர் என்றும் கிறுக்கு என்றும் சொல்லிக் கடந்தது ஊர். யாரும் வைத்தியரிடம் கூட்டிப்போகவில்லை, போக வைத்தியரும் இல்லை. அதைத் தாங்கும் சக்தி என்று அழைப்பதை நாம் மறுக்கிறோம்.

இன்றைய பிள்ளைக்கு வேறு சுமை. ஒரு லயத்தில் ஒரேயொரு பிள்ளை உயர்தரம் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அந்த வீட்டுப் பிள்ளையாக மட்டும் படிப்பதில்லை, தொங்கல் காம்பராவிலிருந்து மறு தொங்கல் காம்பரா வரை எல்லோருடைய எதிர்பார்ப்பையும் சுமந்துகொண்டுதான் படிக்கிறது. "எங்க தோட்டத்திலிருந்து ஒரு டீச்சர் வரப்போகுது" என்று கோயில் திருவிழாவில் மைக்கில் சொல்லிவிடுகிறார்கள். விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அது எப்படிப் படிக்கும் என்று மட்டும் யாரும் மைக்கில் கேட்பதில்லை. படிப்பை விட்ட பையன் கொழும்பில் கடையில் நிற்கிறான். காலையில் ஷட்டர் திறப்பது முதல் இரவு மூடுவது வரை நின்று, கடைக்கு மேல் மாடியிலேயே படுத்து, தீபாவளிக்கு வரும்போது எல்லோருக்கும் உடுப்பு வாங்கி வர வேண்டும். வெறுங்கையோடு திரும்பி வந்தால் "கடையில நிக்கத் தெரியாதவன்" என்று பெயர். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் வீட்டில் மூத்த பெண் பிள்ளை பன்னிரண்டு வயதிலேயே தம்பி, தங்கைகளுக்குத் தாயாகிவிடுகிறாள். நுண்கடன்காரன் வாசலில் வந்து சத்தம் போடும்போது பின் காம்பராவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அவளே.

இந்த நோய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "எனக்கு மனச்சோர்வு" என்று எந்தப் பிள்ளையும் வாய் திறந்து சொல்லாது. தலையிடி என்பார்கள். நெஞ்சு அடைக்கிறது, கை கால் ஓய்ந்து போகிறது என்பார்கள். டிஸ்பென்சரியில் இரண்டு பெனடோலும் சில விட்டமின் வில்லைகளும் கிடைக்கும். அடுத்த கிழமையும் போய் நின்றால் வேலைக்குக் கள்ளம் என்று பேச்சு வரும். பையன்களிடம் இது துக்கமாகத் தெரியாமல் கோபமாகத் தெரிவதும் உண்டு. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவான், கிரிக்கெட் டீமை விட்டு நின்றுவிடுவான், குடிக்கத் தொடங்குவான். ஊர் அதற்குக் கொழுப்பு என்று பெயர் வைக்கும்.

ஒரு நாள், இரண்டு நாள் மனம் சரியில்லாமல் போவது எல்லோருக்கும் உள்ளது. அதற்கெல்லாம் வைத்தியர் தேவையில்லை, ஒரு நல்ல கூட்டாளி போதும். இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல், ஆட்களை விட்டு ஒதுங்கி, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு வந்தால் அது நோய். மலேரியா, நெருப்புக்காய்ச்சல் போல அதற்கும் வைத்தியம் உண்டு. தனக்குப் பிரியமான பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, எல்லோரிடமும் விடைபெறுவதுபோல் பேசினாலோ அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். போய்ச் சேரும்வரை பிள்ளையைத் தனியாக விடவும் கூடாது.

கோடங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோதைமுனிக்கும் மாடசாமிக்கும் வைக்கும் படையலை நாம் கேலி செய்யப்போவதில்லை. பெற்ற மனம் எல்லா வாசலையும் தட்டும். கோயிலில் விபூதி போட்டு நூல் கட்டினால் அந்தப் பிள்ளைக்கு, தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்ற தைரியமாவது கிடைக்கும். நமது சண்டை வேறொரு ஆளோடு. இரண்டு சேவலும் ஒரு போத்தலும் ஐயாயிரம் ரூபாயும் வாங்கிக்கொண்டு, "இங்கிலீஸ் மருந்தை நிப்பாட்டு, அப்பதான் இறங்கும்" என்று சொல்கிறானே, அவனோடுதான். இந்த நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு கிழமை வரை செல்லும். வைத்தியரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் நிலைமை மோசமாகலாம். நூலும் கட்டட்டும், மாத்திரையும் தொடரட்டும். நிப்பாட்டச் சொல்பவனைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

ஆனால் கோடங்கியிடம் போகும் குடும்பத்தைப் பார்த்து அறிவில்லாத சனம் என்று சொல்லும் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி. கோடங்கி கூப்பிட்ட இரவே லயத்துக்கு வருகிறான். தமிழில் பேசுகிறான். பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு மணித்தியாலம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் சுகாதார சேவையில் இவற்றில் எது கிடைக்கிறது?

இந்த நாட்டில் மன நோயாளர் பற்றிய அடிப்படைச் சட்டம் 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். 1873இல் இந்த மலைகளில் பெரும்பாலும் கோப்பிதான் நின்றது, நமது முன்னோர் கோப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. வெள்ளைக்காரத் துரை போய்க் கறுப்புத் துரை வந்தார். தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மறுபடியும் கம்பனிகளின் கைக்குப் போயின. அந்தச் சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. நோயாளியைக் குணப்படுத்துவதை விட, அவரை எங்கே பூட்டிவைப்பது என்பதே அந்தக் காலத்துச் சட்டத்தின் கவலை. "அங்கொடைக்குத்தான் போகணும்" என்று இன்றும் நாம் கேட்கும் ஏச்சு அந்தக் கவலையின் எச்சமே. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் அண்ணனின் கிளினிக் கொப்பி அரிசிப் பானைக்குள் ஒளிந்திருப்பதும் அதனால்தான்.

2005ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு மனநலக் கொள்கையை வகுத்தது. பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து வைத்தியத்தை மாவட்டங்களுக்கும், மக்கள் வாழும் இடங்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்றது. நல்ல கொள்கைதான். ஆனால் 1 இலட்சம் பேருக்கு ஒரு மனநல வைத்திய நிபுணர்கூட இல்லாத நாட்டில், பஸ் போகாத மேல் டிவிசனுக்கு அந்தக் கொள்கை எப்போது நடந்து வந்து சேரும்? தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை தொண்ணூறுகளில் தொடங்கி இன்னும் முடிந்தபாடில்லை. அதனால் பல தோட்டங்களில் நமது முதல் வைத்தியம் இன்னும் கம்பனியின் கையிலேயே இருக்கிறது.

கடந்த வருடம் எமது காரியாலயத்துக்கு ஒரு தாய் வந்தார். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டோம், அவருடைய பெயரையும் எழுத மாட்டோம். கொழுந்து பறிப்பவர். மகனுக்கு 19 வயது. கொழும்பில் கடையொன்றில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவன், வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். டிஸ்பென்சரி பார்த்தார்கள், கோடங்கி பார்த்தார்கள். மூன்றாம் மாதம், அவனுக்கு முன்பு படிப்பித்த ஓர் ஆசிரியை சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மனச்சோர்வு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்து, மாதம் ஒரு முறை கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். பையன் எழுந்து நடமாடத் தொடங்கினான். தலை வாரினான். ஒரு நாள் தானாகவே விறகு கொண்டுவந்து போட்டானாம். அதைச் சொல்லும்போது அந்தத் தாய் சிரித்தார்.

கிளினிக் நாளில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் வரிசையில் நின்று மருந்தெடுத்துத் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். வந்த கையோடு கூடையைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார். அரைப்பேர்தான். அப்போதைய நாட்சம்பளம் 1,350 ரூபாய், அதில் பாதி 675. ஓட்டோவும் பஸ்ஸும் தனி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். போவதற்குத் துண்டு கேட்டபோது, என்ன வருத்தம் என்று அதில் எழுத வேண்டும் என்றார்களாம். எழுதினால் சாயந்தரக் கொழுந்து நிறுவைக்குள் மூன்று டிவிசனுக்கும் கதை போய்விடும். அவர் காய்ச்சல் என்றார். அடுத்த மாதமும் காய்ச்சல் என்றார். மூன்றாம் மாதம், "மாசாமாசம் ஒரே தேதியில என்ன காய்ச்சல்" என்று மலையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அந்த மாதம் அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. மாத்திரை முடிந்து சில நாளில் பையன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

நாம் நிர்வாகத்தோடு பேசினோம். இரண்டு முறை பேசிய பிறகு, கிளினிக் நாளுக்கு முழுப்பேர் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். பையன் இப்போது ஒழுங்காக கிளினிக் போகிறான், பக்கத்து டவுனில் தையல் கடையில் வேலை பழகுகிறான். ஆனால் அந்தப் பேச்சில் துரை சொன்ன ஒரு வார்த்தையை இங்கே எழுதாமல் விட முடியாது. "மனிதாபிமான அடிப்படையில் இந்த ஒரு கேஸுக்கு மட்டும்." மனிதாபிமானத்தை நாம் குறை சொல்லவில்லை. துரை மாறினால் அதுவும் மாற்றலாகிப் போய்விடும் என்பதே எமது பயம். பிரசவ லீவை நாம் யாருடைய மனிதாபிமானத்திலும் விட்டு வைக்கவில்லை. இதையும் விடப்போவதில்லை.

எமது பக்கத்திலேயே ஒரு வாதம் இருக்கிறது. "சம்பளம் கூடினால் பாதி நோய் போய்விடும். அதை விட்டுவிட்டு மனசு, கவலை என்று பேசுவது போராட்டத்தைத் திசை திருப்பும்" என்கிறார்கள். வறுமை மனதைத் தின்கிறது என்பது உண்மைதான். சம்பளப் போராட்டம் எமது உயிர். ஆனால் 1,000 ரூபாய்க்காக எத்தனை தீபாவளி பெரட்டுக்களத்தில் கறுப்புக் கொடியோடு நின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. இன்றிரவு தூங்காமல் கிடக்கும் பிள்ளையிடம், அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை முடியும்வரை பொறுத்திரு என்று சொல்ல முடியுமா? கால் முறிந்தவனுக்கு முதலில் கட்டுப் போடுவோம். அவன் விழுந்த படியைத் திருத்தச் சொல்லியும் சண்டை பிடிப்போம்.

மறுபக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. டவுனில் ஹோட்டல் மண்டபத்தில் பனர் கட்டி, ஒரு நாள் செயலமர்வு நடத்தி, சோற்றுப் பார்சல் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். "நல்லதையே நினையுங்கள். தினமும் அமைதியான ஓர் இடத்தில் பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் பிள்ளை அந்த அமைதியான இடத்தை எங்கே போய்த் தேடும்? மூச்சுப் பயிற்சி கெடுதல் இல்லை. ஆனால் லயத்தையும் கடனையும் அரைப்பேரையும் அப்படியே விட்டுவிட்டு, உன் மனதை நீ திருத்திக்கொள் என்பது, "தவறான முடிவு" என்று எழுதும் பத்திரிகைக்காரனின் பேச்சேதான். அவன் செத்த பிறகு சொல்கிறான், இவர்கள் முன்கூட்டியே சொல்கிறார்கள்.

மொழி விடயத்துக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலேயே தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கால் முறிந்தால் காட்டலாம், வயிற்று வலி என்றால் தொட்டுக் காட்டலாம். மனதை எதைத் தொட்டுக் காட்டுவது? வைத்தியருக்குச் சிங்களம், பிள்ளைக்குத் தமிழ். நடுவில் மொழிபெயர்க்க வருவது பக்கத்து வரிசையில் நிற்கும் அதே தோட்டத்து ஆளாக இருந்தால் பிள்ளை என்ன பேசும்? "ஒண்ணுமில்ல, தலவலி" என்று சொல்லிவிட்டு வந்துவிடும். மலையகத்து ஆஸ்பத்திரி மனநல கிளினிக் ஒவ்வொன்றிலும் தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. நமது பல்கலைக்கழகப் பிள்ளைகள் பட்டத்தோடு வேலையில்லாமல் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுவித்து நியமியுங்கள்.

அரசாங்கம் மனம் வைத்தால் உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் 1 இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நிகழ்ந்தன. உலகிலேயே மிக மோசமான நிலைகளில் அது ஒன்று. பின்னர் அந்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. பிள்ளைகளுக்குத் திடீரென்று தாங்கும் சக்தி வந்துவிட்டதாலா? உயிரைக் குடிக்கும் விவசாய இரசாயனங்களைத் தொண்ணூறுகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்ததே அதற்குப் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த வேகம் சில நேரத்துக்குரியது, கையெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாவிட்டால் அது கடந்துபோகும். கடந்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு வாழ்ந்தே இருக்கிறார்கள். ஆகவே தோட்டத்து மருந்து ஸ்டோருக்கு இரண்டு பூட்டுப் போடுங்கள் என்று கேட்கிறோம். மரக்கறித் தோட்டம் செய்யும் குடும்பங்களிடமும் கேட்கிறோம். தெளிக்கும் மருந்தைக் காம்பராவுக்குள் வைக்காதீர்கள், பூட்டுப் போட்ட பொதுப் பெட்டி ஒன்றை லயத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கான செலவை நலன்புரிச் சங்கத்திலிருந்து எடுக்கலாம்.

இன்னொரு விடயம் இன்றும் பலருக்குத் தெரியாது. உயிரை மாய்க்க முயன்றவர் மீது வழக்கு வரும், பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. அந்தச் சட்டப் பிரிவு 1998ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. முயன்றவர் குற்றவாளி இல்லை, நோயாளி. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுபோங்கள். வழியில் யாராவது சட்டம் பேசினால் எமக்கு போன் போடுங்கள்.

இனி இளைஞர்களோடு. தம்பி, தங்கச்சி, இதை நீங்களே வாசிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு வந்திருப்பது பேயும் இல்லை, கொழுப்பும் இல்லை. சொல்வதற்கு ஓர் ஆளைத் தெரிந்தெடுங்கள். அப்பாதான் என்று இல்லை. அத்தையாக இருக்கலாம், பழைய டீச்சராக இருக்கலாம், கிராமத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கலாம். பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். "ரெண்டு கிழமையா தூக்கமில்ல, எதுவுமே புடிக்கல, பயமா இருக்கு" என்று சொன்னால் போதும். அரசாங்க ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் இதையே சொல்லி, மனநல கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அங்கே வைத்தியம் இலவசம். பல அரச ஆஸ்பத்திரிகளில் யொவுன் பியச என்று இளைஞர்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். இரவில் ஆள் இல்லாத நேரத்தில் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் ஆள் இருப்பார்கள். ஆம், அது அங்கொடைதான். ஊர் எந்தப் பெயரைச் சொல்லி ஏசுகிறதோ, அங்கேதான் நடுச்சாமத்தில் உங்கள் அழைப்புக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் விழித்திருக்கிறார். தமிழில் பேச ஆளைக் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். 1974ஆம் ஆண்டு முதல் இயங்கும் சுமித்ரயோவிலும் பெயர் சொல்லாமலே பேசலாம், பேசியது வெளியே போகாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு யாராவது துன்பம் செய்தால் 1929.

பெற்றோருக்கும் எமது தோட்டத் தலைவர்களுக்கும் ஒன்று. "சாகணும்னு யோசனை வருதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி உண்டாகாது. கேட்டால் பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். கேட்ட பிறகு ஏசாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். தலைவர் காதுக்கு வந்த விடயம் தேநீர்க் கடைக்குப் போகக் கூடாது. போனால் அந்த லயத்தில் இனி ஒரு பிள்ளையும் வாய் திறக்காது.

நடேசய்யர் காலத்தில் வெளியார் லயத்துக்குள் கால் வைக்க முடியாது. புடவை வியாபாரி வேடம் போட்டுக்கொண்டு அவர் தோட்டத்துக்குள் நுழைந்த கதையை இன்றும் சொல்வார்கள். 1931இல் ஹட்டனில் சங்கத்தை அமைத்தபோது அவர் கேட்டவற்றையும் அன்று அதிகப்பிரசங்கித்தனம் என்றே துரைமார் சொன்னார்கள். இன்று தோட்டத்துக்குள் வர வேண்டியவர் ஓர் உளவளத்துணையாளர். மாதம் இரண்டு முறை, பிள்ளைக்காம்பராவிலோ வாசிகசாலையிலோ கதவுள்ள ஓர் அறையில் அவர் உட்கார இடம் தரச் சொல்கிறோம். டிஸ்பென்சரியில் இருப்பவருக்கு இந்த நோயை அடையாளம் காணப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறோம். துண்டில் "கிளினிக்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் எழுதக் கூடாது என்கிறோம். நோயாளி தொழிலாளியாக இருந்தாலும், நோயாளியைக் கூட்டிப்போகும் தாய் தகப்பனாக இருந்தாலும் கிளினிக் நாளுக்கு முழுப்பேர் என்கிறோம்.

இவற்றைக் கம்பனிகளின் முன் எழுத்தில் வைப்பதற்குக் கணக்கு வேண்டும். கிளினிக் போன நாளில் அரைப்பேர் விழுந்தவர்கள், பேரே இல்லாமல் போனவர்கள், அந்த மாதத்துச் சம்பளத் துண்டின் பிரதியைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுங்கள், அல்லது நேரடியாகக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். கிளினிக் கொப்பி வேண்டாம். நோயின் பெயரும் வேண்டாம். திகதி போதும்.